மலைக்காற்று மூடி மறைத்தது

என் வீட்டுக்காரரைப் போல ஒரு கல்லுளிமங்கனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன். அவர் வாயே திறக்க மாட்டார். ஊரில் அவருக்குப் பெயர் ‘காது’. பஸ் ஸ்டாண்டில் யாரிடம் கேட்டாலும் காது ஒர்க்‌ஷாப்புக்கு வழி சொல்வார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பழைய கார்களின் எஞ்சினை ட்யூன் பண்ணுவது அவர் தொழில். மீட்டர், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மூன்றாவது கியரில் வண்டியை ஏற்றுவார். ஸ்பார்க் அடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில், தகர டப்பாவில் ஆணிகளைக் குலுக்கின மாதிரி எஞ்சினுக்குள் டிக் டிக் என்று கேட்கும். பெட்ரோல் வேளை கெட்ட வேளையில் தானாக வெடிக்கிற சத்தம் அது; ‘எஞ்சின் தட்டுது’ என்பார்கள். கேட்டதும் இறங்கி, டைமிங்கை ஒரு மயிரிழை பின்னுக்கு வைப்பார். அவ்வளவுதான் ட்யூனிங். கல்யாணமான புதிதில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் மேடு ஏறுவார். எங்களுக்கு ஊர் சுற்றல் என்றால் அதுதான்! அதனால் அந்தச் சத்தம் எனக்கும் அத்துப்படி.

எங்கள் மலையில் காற்று மெலிசு. எஞ்சினுக்குள் போகிற காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. சாதாரண பெட்ரோலிலேயே டைமிங்கை நன்றாக முன்னே தள்ளி ஓட்டலாம். அதே வண்டி கீழே சமவெளிக்குப் போனால் காற்று கனத்துவிடும், அழுத்தம் எகிறும், சாதாரண பெட்ரோல் தாங்காமல் வெடித்துப் பிஸ்டனையே தின்றுவிடும். இறங்குகிறவர்கள் ஒன்று ஆக்டேன் கூடின, லேசில் வெடிக்காத பெட்ரோல் போட வேண்டும், இல்லை டைமிங்கைக் குறைக்க வேண்டும். இங்கே தவழுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். என் தம்பி மண்டையில்தான் ஏறாது.

அவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். இவர் ட்யூன் பண்ணிக் கொடுத்த அந்தக் கார், நேற்று லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி வந்து சேர்ந்தது.

“என்னத்த ட்யூன் பண்ணீங்க மாமா? கீழ ஒரு பாலம் ஏறல, புகையைக் கக்கிட்டு நின்னுடுச்சு. என் பொழப்பே போச்சு!” என்று தெருவே கேட்கக் கத்தினான்.

இவர் எஞ்சினைப் பிரித்தார். ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுழைகிற ஓட்டை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என்ன பெட்ரோல் போட்ட?”

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. “சாதாதான் மாமா. வண்டி நிறைய ஆளு, பாட்டுச் சத்தம் வேற... தட்டினது கவனிக்கல. என் தப்புதான், மன்னிச்சிடுங்க.”

இவர் பெரிய மனசு பண்ணித் தலையை ஆட்டினார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. தம்பி பெட்ரோலில் கஞ்சத்தனம் பண்ணியது தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் எத்தனையோ தடவை இப்படிப் போட்டுவிட்டு வந்து திட்டு வாங்கியிருக்கிறான், ஒரு பிஸ்டனும் ஓட்டையானதில்லை. இந்தத் தடவை மட்டும் ஏன்? எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றுகொண்டு குக்கர் விசிலடிக்க அடிக்கப் பருப்பைக் கருகவிட்ட மனுஷன் இவர். மகள் போனில் பேசினால், “சிக்னல் சரியில்ல” என்று என் கையில் திணித்துவிடுவார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால், “எனக்கென்ன கேடு?” என்பார். டிக் சத்தம் காதில் விழாமல் டைமிங்கை முன்னே முன்னே தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். மேலே வண்டிகள் தட்டினாலும் உடைவதில்லை. மெலிந்த காற்று இவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பழி மட்டும் என் தம்பி தலையில்!

“அவன்கிட்ட உண்மையைச் சொல்லுங்க,” என்றேன்.

“என்ன உண்மை? போடி, போய் வேலையைப் பாரு.”

போடியாம்! எங்கள் ஊர் டீச்சரம்மாவின் கார் ட்யூனிங் முடிந்து வாசலில் நின்றது. மறுநாள் காலை அந்தம்மா தன் இரண்டு பிள்ளைகளோடு அதில் கீழே இறங்கப் போகிறார். நான் அந்தச் சாவியை எடுத்து இவர் கையில் வைத்து அழுத்தினேன்.

“ஏறுங்க. டேய், நீயும் பின்னாடி ஏறுடா.”

மேட்டில் மூன்றாவது கியர். பாதி ஏறும்போதே டிக் டிக் என்று ஆரம்பித்தது. தம்பி முன்னே சாய்ந்து என்னைப் பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகப் போகச் சத்தம் வலுத்தது. இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உச்சியில் வண்டியை நிறுத்தி, தம்பியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா மாப்ள? ஏதாவது தட்டுச்சா?”

 தம்பியின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ரொம்பத் தட்டுதா?”

இத்தனை வருஷத்தில் யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.  அதற்காகக் கோபம் போய்விடுமா?

“தட்டுது!” என்று அவர் காதருகே கத்தினேன். “இறங்கிக் குறைங்க. எப்ப நிக்குதுன்னு நான் சொல்றேன்.”