மாடிப்படியில் நின்ற அக்கா

அன்பும் மதிப்பும் நிறைந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரை அன்பின் உருவம், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் உங்களில் பாதிப்பேர் மலரை மூடி வைத்துவிடுவீர்கள், மீதிப்பேர் சிரிப்பீர்கள். படித்த திமிர் பிடித்தவர், சொந்தக்காரர்களை மாடிப்படி ஏற விடாதவர் என்பதுதான் நம் குடும்பத்தில் அவரைப் பற்றிய பேச்சு. அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினோரு ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். அக்காவுக்குப் பதினொரு வயதும் எனக்கு ஐந்து வயதும் ஆனபோது, செங்கம் சாலைப் பக்கம் நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையாக இருந்து மனை பிரித்த இடத்தில் ஒரு துண்டு வாங்கி, அப்பா கீழ்த்தளம் கட்டினார். வேலை நடக்கும்போது அக்கா பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவார். "இந்த கான்கிரீட் பெல்ட்டுக்கு எதுக்கு நாலு கம்பி, மூணு போட்டா இன்னா ஆவும்?" என்று மேஸ்திரியைக் கேட்டாராம். "அப்படித்தாம்மா போடுவாங்க" என்றாராம் மேஸ்திரி. அந்தப் பதில் அக்காவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த யாராவது 'அப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர்களுக்கு மண்டகப்படிதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். ஊரே கம்ப்யூட்டர் என்றது. கலந்தாய்வுக்கு அப்பாதான் சென்னைக்கு அழைத்துப் போனார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டபோது அக்கா 'சிவில்' என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது செஞ்சி வரைக்கும் அப்பா பேசவில்லை. செஞ்சி தாண்டிய பிறகு, "பொம்பளப் புள்ள, வெயில்ல நிப்பியாம்மா?" என்று கேட்டார். "கொடை எடுத்துக்கினு நிக்கறேம்பா" என்றார் அக்கா. இதை அப்பா பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பெண் என்பதால் கட்டடம் நடக்கும் இடத்துக்கு அனுப்பாமல், அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை மூட்டை, எத்தனை லோடு என்று கணக்குப் போடச் சொன்னார்கள். அக்கா சனிக்கிழமைகளில் விடுப்பு போட்டுவிட்டுத் தன் செலவில் பஸ் பிடித்து அந்த இடங்களுக்குப் போய் நின்று பார்ப்பார். மூன்று ஆண்டுகள் அப்படிக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி, வேங்கிக்காலில் ஓர் அறை எடுத்துச் சொந்தமாகப் பலகை மாட்டினார். முதல் ஆறு மாதம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "சார் எப்ப வருவாரு?" அக்காவும் சளைக்காமல், "சார் வந்துட்டாருங்க, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு வரைபடத்தை விரிப்பார்.

அவருடைய முதல் பெரிய வேலை எங்கள் வீடுதான். ஆசிரமம் பக்கம் வந்து தங்குகிறவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். மேலே இரண்டு தளம் எழுப்பி அறைகளாக விடலாம் என்று அப்பாவுக்கு ஆசை. "ஊராருக்கு எல்லாம் கட்டித் தர, நம்ம வூட்டுக்குக் கட்டித் தரமாட்டியா?" என்றார். அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பழைய கடைக்கால் இரண்டு தளத்தைத் தாங்குமா என்று பார்க்க, வாசல் பக்கம் ஒரு குழி எடுத்தார். மண் கெட்டி, கடப்பாரை துள்ளியது. பின்பக்கமும் ஒரு குழி எடுக்க வேண்டும் என்றார். பின்பக்கம் சமையலறை. "அடுப்ப எங்கடி தூக்கிக்கினு போவேன்? முன்னாடி நல்லா இருக்கறது பின்னாடி மட்டும் கெட்டா பூடும்?" என்று அம்மா சலித்துக்கொண்டார். அக்கா விட்டுவிட்டார். சொந்த வீடு, சொந்த அம்மா. வேறு யார் வீடாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டார். இரண்டு தளமும் எழும்பின. கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்து வாழ்த்தினீர்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, வேறொருவர் மனைக்காகத் தாலுகா அலுவலகத்தில் பழைய புல வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் எங்கள் மனை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டத்தை அக்கா கண்டார். அது கிணறு. அளந்து பார்த்தால் எங்கள் சமையலறைக்கு நேர் கீழே.

நேராக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். "ஆமா, கெணறு இருந்துச்சு. கொல்லைன்னா கெணறு இருக்காதா? மனை பிரிக்கும்போதே தூத்துட்டாங்க" என்றார் அப்பா. "ஏம்பா எங்கிட்ட சொல்லல?" "நீ கேக்கலியேம்மா." அப்பா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அக்கா கேட்கவில்லை. குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்த்த கிணற்றின் மேல் மூன்று தளத்தின் பின்சுவர் நிற்கிறது. அக்கா அன்று சாப்பிடவில்லை. "மல்லாட்டக் கொல்லைன்னு எனக்குத் தெரியும். கெணறு இல்லாம எந்தக் கொல்லை இருக்குது? எனக்குத் தோணவேயில்ல பாரு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு யார் வீடு கட்ட வந்தாலும் பெயர் கேட்பதற்கு முன்னால் "கெணறு இருந்துச்சா?" என்று கேட்பார். ஊரில் 'கிணத்து மேடம்' என்று பெயரே வந்துவிட்டது. அந்தப் பெயரின் காரணம் எங்கள் வீட்டில் மட்டும் தெரியும்.

எல்லோரும் வெளியேற வேண்டும், சமையலறையை உடைத்துக் கிணற்றைத் திறந்து அடியிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார் அக்கா. மறுத்தது அப்பா என்று நினைப்பீர்கள். மறுத்தது நான். அக்கா திருமணம் வேண்டாம் என்றிருந்ததால், 'மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கா' என்று எனக்கு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போய்க்கொண்டே இருந்தன. இருபத்தெட்டு வயது எனக்கு. அந்த வாரம் ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். "பொண்ணு பாக்க வராங்க, இப்பப் போயி வூட்டுக்கு அடியில பாழுங்கெணறு கீதுன்னு ஊரக் கூட்டப் போறியா?" என்றேன். அக்கா ஏதோ சொல்ல வந்தார். "தப்பு பண்ணது நீ. எங்கள ஏன் தெருவுல நிறுத்தற?" என்றேன்.

வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் அக்காவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார். அது தப்பு என்று அவருக்கே தெரியும். "நான் பண்ணதுலேயே பெரிய தப்பு, அன்னிக்கி ஒம் பேச்சைக் கேட்டது" என்று பின்னால் ஒருமுறை சொன்னார்.

என் திருமணம் நடந்தது. என் கணவர் வேலை கலெக்டர் அலுவலகத்தில் என்பதால் நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டோம். அக்கா வேங்கிக்காலில் தனியே குடியேறினார், எங்களையும் கூப்பிட்டார், நாங்கள் போகவில்லை. பாரத்தையாவது குறைக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் கீழே இறக்கினார். மேல்தளத்தைக் காலி செய்தார். பின்பக்க அறைகளில் யாரையும் தங்கவிடவில்லை. மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். சமையலறைச் சுவரில் முடி போல ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே சிமென்ட் வைத்து ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதியைக் கீறி வைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மாதம் தவறாமல் வந்து அதைப் பார்ப்பார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

இனி கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி நேராகத் தெரியும். போளூர், ஆரணி, செங்கம் என்று எல்லா ஊரிலிருந்தும் நீங்கள் வருவீர்கள். நூறு பேருக்குக் குறையாது. அக்கா மாலை நான்கு மணிக்கே படியின் நடுவில் வந்து நின்றுவிடுவார். போளூர் மாமா ஒருமுறை, "இன்னாம்மா, இன்ஜினியர் ஆயிட்டா சொந்தக்காரங்கள மாடி ஏத்தமாட்டியா? கால் பட்டா தேஞ்சிடுமா?" என்று கேட்டார். "ரோட்டுல நின்னா இன்னும் நல்லா தெரியும் மாமா, வாங்க" என்றார் அக்கா. மாமா சாப்பிடாமல் போனார். அடுத்த ஆண்டு அத்தை மட்டும் வந்தார். நான் பக்கத்தில் நின்று, 'என்ன செய்வது, அவள் குணம் அப்படி' என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். தீபம் ஏற்றி ஊரே அரோகரா என்று கத்தும்போது, அக்கா படியில்தான் இருப்பார். அங்கிருந்து மலை தெரியாது. இந்த ஊரில் பிறந்தவர், பதினோரு தீபங்களைப் பார்க்கவில்லை.

அப்பா காலமான பிறகாவது நான் சரி என்று சொல்லியிருக்கலாம். பழகிவிட்டது. கண்ணாடி உடையவில்லையே என்று இருந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரியவந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ஊரில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் சமையலறைக்குள் போனேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

அன்று மதியம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சில நாள்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா கண்ணைத் திறந்து, "மழை ஜாஸ்தியாமே. கண்ணாடி எப்படி கீது?" என்று கேட்டார்.

"அப்படியேதான்க்கா இருக்குது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளாக அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இவ்ளோ மழைக்கும் அசையலன்னா இனிமே ஒண்ணும் ஆவாது. இந்தத் தீபத்துக்கு எல்லாரையும் மேல ஏத்திடு. பாவம், எல்லாரையும் ரொம்ப நோவடிச்சிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். நினைவோடுதான் இருந்தார். இரண்டு நாளும் நான் சொல்லவில்லை. நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன். அளந்து பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதவர், கடைசியாக என் பொய்யை நம்பி உங்கள் நூறு பேருக்கும் மாடிப்படியைத் திறந்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் தீபம் வந்தது. துக்க வீடு என்பதால் யாரும் வரவில்லை. அந்த ஆண்டு உங்களைத் தடுத்தது அக்காவின் சாவு.

அதற்குப் பிறகு சமையலறையில் பாத்திரம் விழுந்தால்கூடச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அக்கா கனவில் வருவதில்லை. வந்தால் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்பார்.

தையில், அக்காவின் அலுவலகத்தை இப்போது நடத்திவரும் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுநாளே எங்களை வெளியேற்றிவிட்டு, சமையலறையில் குழி எடுத்தார். ஐந்தடியில் கிணற்றின் கல் விளிம்பு வந்தது. உள்ளே சாம்பலும் உடைந்த ஓடும். சுவரின் கடைக்கால் பாதி அந்த விளிம்பின் மேல், பாதி ஒன்றுமில்லாததன் மேல். "எப்படிம்மா இத்தினி வருசம் நின்னுச்சு?" என்று கேட்டேன். அவர் காலி அறைகளையும் தொட்டி இருந்த இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம் பாரத்தக் கொறச்சிக்கினே வந்திருக்காங்க. ஒரே ஒரு தீபத்துக்கு ஜனங்கள மேல ஏத்தியிருந்தா போதும், இடிஞ்சிருக்கும்" என்றார். மேல் தளங்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த வீடு இருக்க நினைவு நாளுக்கு மண்டபம் எதற்கு என்று கேட்ட எல்லோருக்கும் இதுதான் பதில்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே நாளில் அறைகளைக் காலி செய்துகொடுத்தவர்களுக்கும், இந்த வயதில் வாடகை வீட்டுக்கு வந்து முகம் சுளிக்காமல் இருக்கும் அம்மாவுக்கும், 'கிணத்து மேடம்' அலுவலகத்தில் அவருடன் பணியாற்றிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போளூர் மாமாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர், "சாப்பிடாம வந்துட்டேனேம்மா" என்று அழுதார்.

இந்த மலரை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பெயர்களை எழுதிப் பார்த்தேன். அக்கா படியில் மறித்துத் திருப்பி அனுப்பியவர்களின் பெயர்கள்தான் முக்கால்வாசியும். எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்கிறார்கள். உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அக்காவிடம்தான் சொல்லவில்லை.

கண்ணீருடன்,
தங்கை