ஒரு வாளித் தண்ணீர் போகும் வழி

அன்றைக்கு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி, அப்பாவின் தங்கையான என் அத்தை, அத்தைக்கு மூத்த அண்ணனான என் பெரியப்பா, எங்களை ஏற்றிப்போன ஆட்டோக்காரர். ஆட்டோக்காரர் கணக்கில் வரவேண்டியவர் இல்லை. பெரியப்பாதான் சேர்த்தார்.

"கல்யாணத்துக்கு வீடு காணப் போவும்போ நாலு பேராட்டா போவாவ? ஏழு, இல்லேன்னா அஞ்சு. தம்பி, நீ வண்டிய பூட்டிட்டு எங்க கூட உள்ள வரணும் கேட்டியா" என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். மார்த்தாண்டத்தில் வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கினார். வெறுங்கையோடு வீடு காணப் போகக்கூடாதாம்.

வீடு காணத்தான் போனோம், மாப்பிள்ளை மட்டும் இல்லை. அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. மாமா இறந்தபின் பதினொரு வருடமாக எங்களோடு இருக்கிறாள். போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் பகலில் வீட்டில் ஆள் இல்லை. என் மனைவி காலை ஏழரைக்கு அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போனால் திரும்ப ஐந்து ஆகும். நானும் வேலைக்குப் போய்விடுவேன். இன்னொரு தடவை விழுந்தால் எழும்ப முடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. மதியம் மூன்று முறை போன் செய்வேன். "ஏலே, போன எடுக்க எழும்பித்தான் நான் விழப்போறேன்" என்பாள்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தொழில், தரையில் டைல்ஸ் ஒட்டுவது. இதை எழுதவே கூசுகிறது. அத்தை விழுந்த குளிமுறித் தரை நான் ஒட்டியது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டு வேலையில் மிஞ்சிய டைல், கண்ணாடிபோல மினுக்கம், நீலப்பூ போட்டது. சும்மா கிடைத்ததே என்று ஒட்டிவிட்டேன்.

ஆகவே இல்லம் பார்க்கப் போகும்போது நான் சும்மா போகவில்லை. தரைமட்டம் பார்க்கிற ரசமட்டத்தை மனைவியின் பைக்குள் வைத்தேன். இரண்டு நாளாக ராத்திரி தூக்கம் வராமல் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதியிருந்தேன். கிணற்றுக்கு மூடி உண்டா. கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது. குளிமுறிக் கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா. உள்ளே திறக்கிற கதவாக இருந்து, ஆள் கதவுக்குப் பின்னால் விழுந்தால் யார் தள்ளித் திறப்பது? இப்படி நாற்பத்தியொரு கேள்வி. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "கடைசியில இடி விழுந்தா என்ன செய்வியன்னு கேக்க விட்டுட்டியளே" என்றாள். அதையும் சேர்த்தேன்.

அத்தை பட்டுக்கரைச் சேலை உடுத்தி வந்தாள். வாக்கரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "அதக் கண்டா இப்பவே பிடிச்சு உள்ள போட்டிருவாவ. நான் பாக்கத்தான் வாரேன், சேர வரல்ல."

இல்லம் அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. மேனேஜர் அம்மா வாசலுக்கே வந்தாள். அவள் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று இப்போது யோசித்தால் புரிகிறது. பட்டுக்கரைச் சேலையில் நிமிர்ந்து நிற்கிற ஒரு அம்மாள். கூடவே எண்பத்திரண்டு வயதில், மட்டிப்பழச் சீப்பைக் கட்டிப்பிடித்தபடி, படியேறி மூச்சுவாங்குகிற பெரியப்பா. ஒரு பெண் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நேராகப் பெரியப்பாவின் முழங்காலுக்குப் பின்னால் நிறுத்தினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"மரியாதை தெரிஞ்ச கூட்டம்" என்றார் எங்களைப் பார்த்து. அப்படியே உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் என் கண் சுவரில் இருந்த தீயணைப்பான் மேல் இருந்தது. அது ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருந்தது. கூண்டுக்குப் பூட்டு.

"இதுக்குத் தாக்கோல் எங்க?" என்றேன்.

"எனக்க கையில. ரெண்டு தடவ களவு போச்சு அண்ணாச்சி."

"நீங்க ராத்திரி இங்கயா தங்குவிய?"

"நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

ஆறு மணிக்குமேல் தீப் பிடிக்கக்கூடாது என்று தாளில் குறித்துக்கொண்டேன். அடுத்தது கேமரா. ஒன்று இருந்தது, நல்ல விலையுள்ளது. மேனேஜர் அம்மாவின் மேசையில் அதன் படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் முதியவர்கள் ஒருவரும் இல்லை. வாழைத்தோட்டம்தான் தெரிந்தது.

"குல வெட்டிட்டுப் போயிருதானுவ" என்றாள்.

"வாழைக்கு இம்புட்டுக் காவல்னா, ஆளுக்கு எம்புட்டு இருக்கும், சொல்லுங்க" என்று ஆட்டோக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். பெரியப்பா ஐந்தில் ஒருவராக்கிய பொறுப்பை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் அம்மாவிடம் திரும்பி, "குடும்பத்துக்கு வேற சொத்து என்ன உண்டும்?" என்று கேட்டார்.

அத்தை எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது. "மீன்குழம்புக்குத் தேங்கா அரைப்பியளா, பொடி தட்டுவியளா?"

"அரைப்போம் அம்மா."

"அம்மியிலயா?"

"மிக்சியில."

"கொள்ளாம், நல்லதுதான். மரச்சீனிக் கெழங்கு எந்த நாளு?"

எனக்கு நாற்பத்திரண்டு கேள்வி. அவளுக்கு இந்த மூன்றுதான்.

மேனேஜர் அம்மாவிடம் கேட்டுவிட்டு நான் ஒரு வாளித் தண்ணீரோடு பெண்கள் பகுதியின் குளிமுறிக்குள் போனேன். போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். தரையில் நீலப்பூ. அதே மினுக்கம். மார்த்தாண்டத்துக் கடை எதிலோ இவர்களுக்கும் மலிவாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். என் வீட்டுக் குளிமுறி எனக்கு முன்னாலேயே வந்து படுத்துக் கிடந்தது போல இருந்தது. மனைவியின் பையிலிருந்து எடுத்துவந்திருந்த ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பிறகு தண்ணீரை ஊற்றினேன்.

தண்ணீர் ஓடைத் துவாரத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்வலம் மாதிரி நேராக வாசலுக்கு வந்து, என் காலை நனைத்து, வராந்தாவில் இறங்கி, எதிர் அறைக்குள் போனது. உள்ளே கட்டிலில் இருந்த ஒரு அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாரு குளிக்கது?" என்றாள்.

"யாரும் குளிக்கல. நான் சோதிச்சுப் பாத்தேன்."

"வெள்ளம் தினம் இங்கதான் வரும். நாங்க காலைல ஏழுல இருந்து எட்டு வர கட்டில விட்டு இறங்க மாட்டோம். பழகிப்போச்சு. சாக்கு அந்த மூலையில கிடக்கு, நீரே துடச்சிரும்."

துடைத்தேன். மேனேஜர் அம்மா வந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "எத்தன ஆபீசருமாரு வந்து பாத்திருக்காவ! சுவத்துல சர்ட்டிபிகேட் தொங்குது, பாக்கல்லியா? ஒருத்தராவது இப்பிடித் தண்ணி கோரி ஊத்தினாவளா?"

"அவங்களும் ஊத்தியிருக்கணும்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடத் தெரியாது, வேலையைப் பற்றித்தான் பேசுவேன். சரிவு தப்பு, கதவு உள்ளே திறக்கிறது, டைல் குளிமுறிக்கு உள்ளதே இல்லை, சொரசொரப்பு வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நாணயத்தால் தட்டி, அடியில் சிமெண்ட் இல்லாமல் பொள்ளலாக ஒலித்த ஏழு டைல்களையும் காட்டினேன்.

அவளும் ஒரு டைலைக் காலால் தட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வேல?"

"டைல்ஸ் வேல."

"அப்பிடியா! நல்லா விவரம் தெரிஞ்ச ஆளு. இதெல்லாம் மாத்த என்ன ஆவும்?"

வாய் திறப்பதற்குள் பின்னால் அத்தையின் குரல். அடுக்களையிலிருந்து மெல்ல நடந்து வந்து நின்றிருந்தாள். தரையைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"இவன் ஒட்டின இதே டைலுலதான் நான் விழுந்து இடுப்ப ஒடிச்சது" என்றாள்.

ஆட்டோக்காரர் தலையாட்டி, "உள்ளதச் சொல்லிட்டாவ, அது நல்ல குடும்பத்துக்கு அடையாளம்" என்றார்.

எனக்கு அந்தச் சாக்கில் படுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. விழுந்த நாளிலிருந்து அத்தை அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வழுக்கியது டைலின் குற்றம் என்று அவளுக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மக்கா, இங்க பாரு" என்றாள். "ஒருக்க தப்பா ஒட்டினவன் ரெண்டாவது ஒழுங்கா ஒட்டுவான். முதல்ல உனக்க வீட்ட உடை. பொறவு இவுங்களது. ஒட்டி முடிச்சா நான் வந்து நின்னு பாப்பேன். வழுக்கல்லன்னா பகலுக்கு மட்டும் இங்க இருக்கேன். ராத்திரி எனக்குச் சொந்தக் கட்டில் வேணும்."

பகலுக்கு மட்டும் ஆள் வைக்கிற வழக்கம் இல்லை என்றாள் மேனேஜர் அம்மா. தண்ணீர் வராந்தாவுக்கு ஓடுகிற வழக்கம் மட்டும் உண்டோ என்று அத்தை கேட்டாள்.

அப்போதுதான் பெரியப்பாவின் நினைவு வந்தது. தேடிப்போனால் ஆண்கள் பகுதியில் மூன்றாம் நம்பர் கட்டிலில், எடை பார்த்து, பிரஷர் பார்த்து, முகம் துடைத்து, ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெற்றிலைப் பொட்டலத்தை வாங்கிப் பூட்டிவைத்து, ரசீதும் கொடுத்திருந்தார்கள்.

"நல்ல உபசாரம். ஆனா கஞ்சிக்குத் தொவையல் இல்ல" என்றார். அவரை வெளியே கொண்டுவர நான் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. சேர்க்க ஒரு கையெழுத்துதானாம்.

சொன்னபடி முதலில் எங்கள் வீட்டு நீலப்பூவை உடைத்தேன். பிறகு, பகல் ஏற்பாட்டுக்கு மேனேஜர் அம்மா ஒத்துக்கொண்டபின், இல்லத்தின் மூன்று குளிமுறிகள். கதவுகளைத் திருப்பிப் பொருத்தினார்கள். தீயணைப்பான் கூண்டின் தாக்கோல் இப்போது கூண்டுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. அப்படியானால் பூட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. வேலை முடிந்த அன்று அத்தை வந்தாள். வாளி வாளியாக ஊற்றச் சொல்லி, நனைந்த தரையில் வாக்கரை விட்டுவிட்டு, சுவரில் நான் புதிதாகப் பொருத்திய பிடிகம்பியையும் பிடிக்காமல் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "எதுக்குலே கண்ண மூடுத? வெள்ளம் எங்க போவுதுன்னு பாரு" என்றாள். துவாரத்துக்குத்தான் போனது.

இப்போது காலையில் அதே ஆட்டோக்காரர் கொண்டு விடுகிறார், மாலையில் கூட்டி வருகிறார். நான் மதியம் ஒரு தடவைதான் போன் செய்கிறேன். சில நாள் இரண்டு.

கூலி மூன்று குளிமுறிக்கும் இருபத்தியோராயிரம் பேசியது. கையில் தந்தது ஆறாயிரம். மீதிப் பதினைந்தாயிரத்துக்குப் பணம் இல்லை என்றார்கள். அத்தைக்கு மதியச் சாப்பாடும் சாயாவும் சேர்த்து நாளுக்கு இருநூற்றைம்பது வீதம் அதில் கழிக்கச் சொன்னேன். இருபத்தியாறு நாள் கழிந்தது. தனக்குக் கடன்பட்டவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று இப்படி ஒருவனும் வேண்டியிருக்க மாட்டான். ஒருநாள் மேனேஜர் அம்மா மொத்தமாகத் தந்து தீர்த்துவிட்டு, பகலுக்கு மட்டும் ஆள் வைக்கிற வழக்கம் இல்லை என்றுவிடுவாளோ என்றுதான் இப்போதைய பயம். இன்றைக்குச் சாயங்கால நிலவரப்படி அவர்கள் எனக்குத் தரவேண்டிய பாக்கி எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.