பின் சில்லில் ஒரு வண்டு

“காரை நிப்பாட்டு, பிள்ளை.”

பின் சீட்டிலிருந்து மச்சாள் சொன்னதும் நிறுத்திவிட்டேன். தலைசுற்றோ வாந்தியோ என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால்... ஆள் கதவைத் திறந்து இறங்கி, கொண்டுவந்த பையையும் விட்டுவிட்டு, றோட்டோரத்துப் பாலை மரத்தடிக்குப் போய்விட்டார். அங்கே நின்று இலைகளுக்கு நடுவால் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை. நல்ல வெயில். வெள்ளாங்குளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் வழி. வானத்தில் ஒரு கொக்குக்கூட இல்லை.

மச்சாள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அக்கா, பெயர் பூமணி. வெள்ளாங்குளத்தில் வயல் செய்கிற குடும்பம். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரம் போட்ட வீட்டில் இருந்துகொண்டு, பற்றை மண்டிய காணியை வெட்டி வெளியாக்கி, இந்தப் போகம்தான் மறுபடி நெல் விதைத்திருக்கிறார்கள். ஒரே மகள் தர்சினியை மன்னார் டவுனில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு முதல் பிள்ளை. அன்று காலையில்தான் வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். “அம்மா பக்கத்தில இல்லாட்டி எனக்கு ஏலாது” என்று மகள் போனில் அழுதாள். உடனே தாயை ஏற்றிவர நான் காரை எடுத்தேன். ஏற்றியும் விட்டேன். பார்த்தால், பாதி வழியில் இப்படி இறங்கி நிற்கிறார்.

“என்ன மச்சாள், சுகமில்லையோ?”

“இல்லை. வண்டு.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உங்களில் வன்னியில் இருந்தவர்களுக்கும் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கிற விமானத்துக்கு அங்கே சனம் வைத்த பெயர் வண்டு. ம்ம்ம்ம்... என்று ஒரே சீராக இரைந்துகொண்டு தலைக்கு மேலே சுற்றும். அது சுற்றிவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும்; அதற்குள் சனம் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் இறங்கிவிடவேண்டும்.

என் காரின் பின்பக்கத்திலிருந்து வந்ததும் அச்சொட்டாக அதே ம்ம்ம்ம்தான்.

இந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. கொஞ்ச நாளாகவே வருவதும் போவதுமாக இருந்தது. மெதுவாக ஓடினால் இல்லை. நாற்பதைத் தாண்டினால் தொடங்கும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் அது தன்பாட்டில் இரைந்துகொண்டு வரும். ஆகவே எஞ்சின் இல்லை. அதிலே எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? காரில் ஒரு சத்தம் என்று வாய் திறந்து பாருங்கள்... ஊரெல்லாம் டாக்டர் ஆகிவிடும்.

“டயர்தான். காத்தைக் கூட்டிப் பாரும்” என்றார் என் கணவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை இங்கே அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன். இருந்தாலும் குடும்ப அமைதிக்காகப் பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் பூட்டினேன். டயர் பழுதென்றால் சத்தமும் முன்னுக்கு வரவேண்டும். வரவில்லை. அமர்ந்த இடத்திலேயே அசையாமல் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “டிஃபரென்ஷல் பழுதாப் போட்டுது” என்று கையை விரித்தார். என்னுடையது முன் சில்லுகளால் இழுபடுகிற பழைய ஜப்பான் கார். பின் சில்லுகளைச் சுழற்றிவிடுகிற அந்தச் சாமான் பின்பக்கத்தில் கிடையவே கிடையாது. இல்லாத உறுப்பில் எப்படி ஐயா வருத்தம் வரும்?

கடைசியில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டுத் தந்த வைத்தியம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. “அக்கா, பாட்டைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ. கேக்காது.”

என் முடிவு வேறு. பின் சில்லுப் பெயாரிங். சில்லு வழுவழுவென்று சுழல்வதற்காக அதன் நடுவில் உருக்குக் குண்டுகள் இருக்கின்றனவே, அவை தேய்ந்துவிட்டன. அதுவும் இடப்பக்கச் சில்லு. ஓட்டுகிறவளுக்குத் தெரியாதா?

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த மன்னார் றோட்டு கல்லும் குழியுமாகக் கிடந்த காலத்தில் ஒருவர் காரிலும் ஒரு சத்தமும் இருக்கவில்லை! கடகடவென்று முழுக் காரும் ஆடும்போது பெயாரிங்கின் முனகல் யாருக்குக் கேட்கும்? காப்பெட் என்று புதுத் தார் போட்டார்கள், றோட்டு வழுவழுவென்று ஆனது... அன்றைக்குத்தான் எல்லாக் கார்களுக்கும் வருத்தம் வந்தது. சனமும் அப்படித்தான். ஓடித் திரிந்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்கு வந்து, உலை வைத்து, பாயை விரித்துப் படுத்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் உள்ளே இருந்தது கேட்கத் தொடங்கியிருக்கிறது.

சனிக்கிழமையும் அதுதான் நடந்தது. வெள்ளாங்குளத்திலிருந்து கிரவல் றோட்டில் வந்தவரைக்கும் மச்சாள் பேரப்பிள்ளைக்குப் பெயர் யோசித்துக்கொண்டு வந்தார். இலுப்பைக்கடவை தாண்டிக் காப்பெட் தொடங்கியது. நான் வேகத்தைக் கூட்டினேன். பேச்சு நின்றது.

“மச்சாள், அது கார். பின் சில்லு இரையுது.”

“எனக்குத் தெரியும் பிள்ளை, கார்தான் எண்டு. என்ர காலுக்குத் தெரியேல்லை.”

மச்சாள் மன்னார்ப் பக்கம் கையைக் காட்டினார்.

“நீ போ. அவளோட நில். நான் பஸ்ஸில வாறன்.”

பஸ் பின்னேரம்தான். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடும். மச்சாளுக்கும் அது தெரியும். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

“அப்ப எங்கட பங்கரடியில ஆறேழு குடும்பம். வண்டு எந்தப் பக்கத்தால வருது, கிட்டவோ தூரவோ... நான்தான் கேட்டுச் சொல்லுறது. நான் இறங்கு எண்டாத்தான் தர்சினி பங்கருக்குள்ள இறங்குவாள். ஏறு எண்டாத்தான் ஏறுவாள். இண்டைக்கு அவள் கூப்பிடுறாள், எனக்கு ஏறேலாமக் கிடக்கு.”

பெற்ற பிள்ளையைச் சத்தம் கேட்டே காப்பாற்றிய மனுசி. அந்தச் சத்தம் இன்று அவரைப் பிள்ளையிடம் போகவிடாமல் மறித்து வைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது... இந்தச் சத்தத்தை இந்த இடத்திலேயே பிடித்து, இன்னதுதான் என்று மச்சாளுக்குக் காட்டாமல் கார் அசையப்போவதில்லை.

“சரி மச்சாள், அந்தக் காதாலேயே கேளுங்கோ. நான் உங்களைத் தாண்டி ஓடுறன். சத்தம் எங்கயிருந்து வருது எண்டு சொல்லுங்கோ. ஆனா மரத்துக்கு அங்கால மட்டும் போகாதேங்கோ.”

மரத்துக்கு அங்கால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. கண்ணிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு அவரைத் தாண்டி ஓடினேன். திருப்பிக்கொண்டு வந்து மறுபக்கத்தாலும் ஓடினேன். மச்சாள் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். உடம்பு நடுங்கியது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் நின்றார்.

“பின்னுக்கு. வலப்பக்கம்” என்றார்.

“இடப்பக்கம் மச்சாள். எனக்கு உள்ளுக்குள்ள இருக்கேக்க வடிவாக் கேக்குது.”

“பிள்ளை, இதில மட்டும் என்னோட வாதாடாத.”

வாதாடவில்லை. இதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது. காரை வேகமாக விட்டு, ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் வெட்டவேண்டும், பிறகு இடப்பக்கம் வெட்டவேண்டும். இடப்பக்கம் வெட்டினால் காரின் பாரம் வலச் சில்லில் சாயும். அந்தச் சில்லுக்குச் சுகமில்லை என்றால் அது கத்தும். றோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. வெட்டினேன். வலப்பக்கம்... அமைதி. இடப்பக்கம்... ம்ம்ம்ம்ம்!

வலச் சில்லுதான். ஆக, வருத்தம் நான் சொன்னதுதான், பக்கம் மட்டும் கொஞ்சம் விலகிவிட்டது. இதை நான் தோல்வியாக எடுக்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியபோது மச்சாள் மரத்தடியை விட்டு றோட்டுக் கரைக்கே வந்திருந்தார்.

“பிள்ளை, இடையில சத்தம் நிண்டதெல்லோ. எப்பிடி?”

“நான் வலப்பக்கம் வெட்டினன். நிண்டுது.”

“நீ வெட்டினா நிக்குமோ?”

“ஓம்.”

“இன்னொருக்கா வெட்டு.”

வெட்டினேன். நின்றது. இன்னொருக்கா என்றார். இன்னொருக்கா வெட்டினேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாட்களில் வண்டு வந்தால் அது தானாகப் போகும்வரை மண்ணுக்குள் இருந்து காத்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். நில் என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இங்கே கையை இப்படித் திருப்பினால் அது வாயை மூடுகிறது. மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜாக்கியை எடுக்கிற சாட்டில் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பிறகு வலப் பின்சில்லை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. மெதுவாகப் போனால் மன்னார் வரை தாங்கும். மச்சாளைக் கூப்பிட்டு, “சுத்திப் பாருங்கோ” என்றேன். ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்துச் சுற்றினார். கொறகொறவென்று கைக்கே தெரிந்தது.

கையைத் தட்டிக்கொண்டு போய் ஏறினார். இந்த முறை முன் சீட்டில்.

அதன்பிறகு நாங்கள் மன்னாருக்குப் போன அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நான் முப்பத்தைந்துக்கு மேலே போகவில்லை. அப்படியும் பள்ளமான இடங்களில் கார் தானாக வேகம் எடுக்கும், சத்தம் மெல்ல எட்டிப் பார்க்கும். உடனே பக்கத்திலிருந்து கட்டளை வரும். “வெட்டு!” நான் வெட்டுவேன். அடங்கும். விடத்தல்தீவுச் சந்தி தாண்டும்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களுக்குப் பயந்து கரையில் இறங்கி நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். மச்சாள் சிரித்தார். அந்த மனுசி சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது தர்சினியின் கல்யாண வீட்டில்தான்.

மன்னார்த் தீவுக்குள் போகிற பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு சிங்கள ஆமிக்காரப் பொடியன் கையைக் காட்டி மறித்தான். நாங்கள் வளைந்து வளைந்து வந்ததைப் பார்த்திருக்கிறான்.

“என்ன மிஸ், சாராயம் குடிச்சதா?”

யூனிபோர்மைக் கண்டால் தலை நிமிராத மச்சாள், என்னை முந்திக்கொண்டு ஜன்னலால் தலையை நீட்டினார்.

“பெயாரிங் பழுது, தம்பி. வலப்பக்கம். வழி விடுங்கோ, எனக்குப் பேரப்பிள்ளை பிறக்கப் போகுது.”

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. சிரித்துக்கொண்டு வழி விட்டான்.

போய்ச் சேர்ந்துவிட்டோம். தர்சினி தாயின் கையை நெரித்துக்கொண்டு பிரசவ அறைக்குள் போனாள். பின்னேரம் ஆண் பிள்ளை. வார்டு முழுக்கக் கேட்கிற குரல். மச்சாள் திடுக்கிடவில்லை. தொண்டை நல்ல பலம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

திங்கட்கிழமை பெயாரிங் மாற்றினேன். பாட்டைக் கூட்டச் சொன்ன அதே கராச்சில்தான். “வலப் பின்பக்கம், வேறெங்கயும் கை வைக்காதேங்கோ” என்று சொல்லிக் கதிரையைப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கழற்றிய பழைய பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, கடதாசியில் சுற்றி, தர்சினி வீட்டுக்குக் கொண்டுபோய் மச்சாளின் கையில் கொடுத்தேன்.

விரலில் கோத்துச் சுற்றினார். காதருகே பிடித்துக் கேட்டார். திரும்பவும் சுற்றினார்.

“இவ்வளவுதானோ?” என்றார்.  பிறகு சேலைத் தலைப்பால் துடைத்து, பேரனின் துணிகள் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதை என்ன செய்யப்போறியள், மச்சாள்?”

“பெடியள் பலகைக்குக் கீழ பெயாரிங் பூட்டி வண்டில் உருட்டுறவங்களெல்லோ? இவன் வளரட்டும், ஒண்டு செய்து குடுப்பம்.” பையை இழுத்து மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நாலு சில்லு வேணும், பிள்ளை. உன்ர காரில மற்ற மூண்டும் எப்ப பழுதாகும்?”