கோட்டை நகரத்தில் ஒரு தேர் வீதி

கட்டடக்கலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் எங்களுக்குத் தந்த வேலை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலிய விதிகளின்படி ஒரு கோட்டை நகரத்தை வடிவமைத்து அட்டையில் மாதிரி செய்வது. இருவர் சேர்ந்து செய்ய வேண்டும், இருவருக்கும் ஒரே மதிப்பெண். என்னோடு சேர்ந்தவள் மட்டக்களப்புக் குடும்பத்துப் பெண். அந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே ஒரு தடவை தவறியிருந்தாள். மறுபடி தவறினால் அந்த வருடம் பட்டம் இல்லை.

வரைவது நான், வெட்டி ஒட்டுவது அவள். டொரொன்டோவில், ஸ்காபரோ பக்கம் இருந்த அவள் வீட்டாரின் அப்பார்ட்மென்ட் சுவரில் என் பட்டியல் தொங்கியது: நட்சத்திர மதில், ஒன்பது கொத்தளங்கள், அகழி, மூன்று வாசல்கள், நடுவில் சதுக்கம். எல்லாவற்றுக்கும் சரி போட்டாயிற்று. ஒப்படைக்கும் நாள் காலை அவள் மாதிரியின் மேல் குனிந்து பார்த்தாள்.

"ஏனடி, சதுக்கத்தைச் சுத்திற றோட் மட்டும் இவ்வளவு அகலம்?"

"தேர் திரும்ப வேணும்தானே."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஒவ்வொரு வருடமும் றிச்மண்ட் ஹில் கோவிலில் தேரோடு சுற்றி வந்த பழக்கத்தில், இங்கேயும் ஒரு தேர் வீதி வைத்திருக்கிறேன்.

"இத்தாலியில ஆரடி தேர் இழுக்கிறது? பீரங்கிக்கு வடம் பிடிக்கப் போறியோ?"

சிரித்து முடித்ததும் இருவருக்கும் பயம் பிடித்தது. அந்த நகரங்களில் அகலமாக இருக்க வேண்டியவை சதுக்கத்திலிருந்து கொத்தளங்களுக்குப் போகும் தெருக்கள். எதிரி வந்தால் படை அவற்றின் வழியேதான் மதிலுக்கு ஓடும். நான் அவற்றை ஒடுக்கியிருந்தேன். ஒன்பது தெருக்கள், இரு பக்கமும் ஒட்டிக் காய்ந்துபோன வீடுகள். பிழை முழுவதும் என்னுடையது. அவள் கத்தியை எடுத்து வீடுகளைச் சீவத் தொடங்கினாள். மதியத்துக்குள் ஆறு தெருக்களைத்தான் அகலமாக்க முடிந்தது.

தேர்வாளர் மீதி மூன்றையும் உடனே கண்டுகொண்டார். யார் அளந்தது என்று கேட்டார்.

"நாங்கள் ரெண்டு பேரும்" என்று அவள் எனக்கு முந்திச் சொன்னாள். அளக்கிற அடிமட்டத்தைத் தொட்டே இராதவள். காலையில்தான் பிழையைக் கண்டோம், ஆறைத் திருத்தினோம் என்று நிதானமாக விளக்கினாள். மதிப்பெண்ணில் கொஞ்சம் வெட்டினார், தேறிவிட்டோம்.

பட்டமளிப்பு அன்று அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லாட்டி இவள் பாஸ் பண்ணியிருக்க மாட்டாள் பிள்ளை."

அவள் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

"இல்லை அன்ரி, இவளாலதான் நான் தப்பினனான்" என்றேன்.

அடக்கம் என்று நினைத்து அன்ரி என் கன்னத்தைக் கிள்ளினார்.