சும்மா இருந்தால் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

கடையில் அவருக்கு இருபத்துநாலு என்று பெயர். பாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிய எந்தக் கம்ப்யூட்டரையும் இருபத்துநான்கு மணி நேரம் மூச்சுத் திணற ஓட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார். வாங்க வந்தவர் வாசலில் நின்று கெஞ்சினாலும் சரி, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, "இன்னும் ஒன்பது மணி நேரம் பாக்கி இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

பின்னறையில் ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் மூடி கழற்றிய பெட்டி ஒன்று இருக்கும். ஒன்றுக்கும் உதவாத கணக்குகளை அதன் தலையில் கட்டி, ஓயாமல் போடவைப்பார். விடை யாருக்கும் வேண்டாம், பெட்டி சூடாக வேண்டும், அவ்வளவுதான். எண்பது டிகிரியைத் தாண்டும்போது விசிறிகள் ஊளையிடும். நோஞ்சானாக எந்தப் பாகம் இருக்கிறதோ அது அங்கேயே மண்டையைப் போடும். வாங்கியவர் வீட்டில் போடுவதைவிட நம் கண்ணெதிரே போடட்டும் என்பது அவர் கட்சி.

பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. அந்த ஊளை காதிலேயே குடியேறிவிட்டதால் வீட்டில் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். சனிக்கிழமை ஏற்றிவிட்டு வந்தது ஓடிக்கொண்டிருக்குமே என்று ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு ஒரு நடை போவார். "பெட்டியோட சேத்து உங்களையும் ஓட்டிப் பாக்குறாங்க போல" என்பாள் மனைவி. அதற்குச் சிரிக்கக்கூட அவருக்கு அலுப்பாக இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் முட்டி இரண்டும் பேச ஆரம்பித்திருந்தன. ஆனாலும் நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் ஏதோ திருட்டு வேலை செய்வதுபோல் இருக்கும் மனுஷனுக்கு.

அவருக்கென்று ஒரு கைப்பக்குவம் உண்டு. பெட்டியின் மூளையான ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தை ஒரு சிட்டிகை குறைத்து வைப்பார். தயாரிக்கிறவர்கள் தாராளமாகத்தான் கொடுத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்தால் சூடு ஆறேழு டிகிரி இறங்கும், விசிறியும் அடங்கும். "உங்க கடைப் பெட்டி மட்டும் சத்தமே போடறதில்ல" என்று யாராவது சொன்னால், அன்று முழுக்க அவர் நடையே வேறாக இருக்கும். வேறு பாராட்டு அந்தக் கடையில் யார் தரப்போகிறார்கள்?

இப்படி இருக்கையில்தான் ஒரு அம்மாள், அந்தக் கடையில் வாங்கிய பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். கூட்டங்களின் ஒலிப்பதிவை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்து ஒரு ஆபீசுக்கு அனுப்புகிற வேலை. கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். இப்போதைக்கு அவள் பத்து விரலை நம்பித்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

"வேலை செஞ்சிட்டிருக்கும்போது ஒண்ணும் ஆகறதில்ல சார். சும்மா இருக்கும்போதுதான் நின்னுபோகுது" என்றாள்.

"சும்மா இருக்கும்போதா?"

"ஆமா. எழுந்து உள்ள போயிட்டு வந்தா அப்படியே உறைஞ்சு கெடக்கு. அடிச்சதுல பாதி போயிடுது."

இருபத்துநாலு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஓடும்போது விழாதவன் உட்கார்ந்திருக்கும்போது விழுவானா? ஆனாலும் பெட்டியை மேசையில் ஏற்றி ஒரு நாள் முழுக்க வறுத்தெடுத்தார். ஒன்றும் ஆகவில்லை, திருப்பி அனுப்பினார். பத்து நாளில் மறுபடியும் வந்தாள். இரண்டு நாள் ஓட்டினார், அப்போதும் அது அசரவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"மூணு கோப்பு நேரத்துக்குப் போகல சார். மெஷின் கோளாறுன்னு கடையில எழுதி வாங்கிட்டு வாங்க, இல்லன்னா வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

மூன்று நாள் ஓட்டினார். எழுபத்திரண்டு மணி நேரத்தில் பெட்டி ஒரு முறை தும்மக்கூட இல்லை. மற்ற மேசைகளில் வேலை குவிந்துகிடந்தது. கடைத் தாளை எடுத்து, "இயந்திரத்தில் கோளாறு ஏதுமில்லை. கவனக்குறைவான உபயோகம் காரணமாக இருக்கலாம்" என்று எழுதி முத்திரை குத்தினார். முதல் வரியோடு விட்டிருக்கலாம். இரண்டாவது வரியை எழுதியது அவர் அலுப்பு.

அவள் படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள். சண்டை போடவில்லை. "இதக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னைக்கே அனுப்பிடுவாங்க. ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாருங்க சார்" என்றாள்.

"போய்த் தலையக் காட்டிட்டு வந்துடுங்க, பேச்சு முடிஞ்சிடும்" என்றார் முதலாளி.

வியாழக்கிழமை மதியம் போனார். இரண்டாவது மாடியில் இரண்டே அறைகள், ஒரு சமையலறை. ஜன்னலோரம் மேசை, அதன் கீழே பெட்டி. உள்ளறைக் கட்டிலில் கணவர். இருபத்துநாலு சுவிட்சைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் தன் வழக்கமான கணக்குகளையே ஏற்றிவிட்டார். விசிறி இரைந்தது. பெட்டி குத்துக்கல்லாக அசராமல் ஓடியது.

"என்ன சார், பேய் ஓட்டுறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இருபத்துநாலு எழுந்து வாசற்படியில் போய் நின்றார். கட்டிலில் இருந்தவர் எலும்பும் தோலுமாக இருந்தார், குறும்பு மட்டும் இளைக்கவில்லை.

"அந்தப் பெட்டிக்கு என் குரல் ஆகாது சார். நான் கூப்பிட்டாத்தான் நின்னுபோகுது, பல தடவை பாத்துட்டேன். இவ வந்து என்னப் புரட்டிப் படுக்கவெச்சு, தொடச்சுவிட்டுத் திரும்பிப் போனா அங்க அது செத்துக் கெடக்கும். அதனால இப்பல்லாம் நான் கூப்பிடறதே இல்ல."

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் மனைவி.

இருபத்துநாலு சிரிக்கப் போனார், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இவர் கூப்பிடுகிறார். அவள் எழுந்து போகிறாள். அரை மணி நேரம் பெட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாத ப்ராசஸர் கண்ணயரும், தன் மின்னழுத்தத்தைத் தானே படிப்படியாக இறக்கிக்கொள்ளும். அந்த அடிமட்டத்திலிருந்தும் இருபத்துநாலு ஒரு சிட்டிகை கிள்ளி வைத்திருக்கிறார். வேலை நேரத்தில் அந்தச் சிட்டிகை பெரிதில்லை, தாங்கும். கண்ணயரும்போது எப்படித் தாங்கும்? பதினேழு வருஷத்தில் எந்தப் பெட்டியையும் அவர் சும்மா இருக்கவிட்டுப் பார்த்ததே கிடையாது. எழுபத்திரண்டு மணி நேரம் ஒரு நொடி ஓய்வு கொடுக்காமல் விரட்டிவிட்டு, கோளாறே இல்லை என்று முத்திரை குத்தியிருக்கிறார்.

கணக்குகளை நிறுத்தினார். "இத யாரும் தொடாதீங்கம்மா. நானும் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு லேசாக இல்லை. கை எதையாவது தேடியது. பிறகு, எத்தனையோ வருஷத்து அசதி காலிலிருந்து மெல்ல ஏறி வந்தது. கண் செருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். திரையின் மூலையில் மணி மூன்று இருபத்தாறு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதும் மூன்று இருபத்தாறுதான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதில் மூன்று நாற்பது. மவுசை அசைத்தார். திரையில் எதுவும் அசையவில்லை.

"தப்பு என்னோடதும்மா" என்றார். மின்னழுத்தக் கதையைச் சொன்னார். அவளுக்கு அது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"அப்ப நான் தூங்கிடலையா சார்?"

"என்னம்மா சொல்றீங்க?"

"உக்காந்த இடத்துலயே தூங்கிட்டு மெஷின் மேல பழி போடறீங்களான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது அவருக்கு. பழைய தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். அவள் கொடுத்த வெள்ளைத் தாளில், "இயந்திரத்தில் கோளாறு உண்டு. அதை உண்டாக்கியவன் நான். பயன்படுத்தியவர் மீது எந்தத் தவறும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தன் தொலைபேசி எண்ணையும் சேர்த்தார். அவள் அதைப் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். பெட்டியில் கிள்ளிய மின்னழுத்தத்தை அவர் திரும்பக் கொடுத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை புதுக் கோப்பு அனுப்புவார்களாம், இன்னொரு முறை பார்ப்பார்களாம். அவள் அந்தப் பதிலை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். இருபத்துநாலுக்கோ, இதே பக்குவத்தில் வெளியே போன பெட்டிகள் எத்தனை என்ற நினைப்பு வந்தது. எல்லோரையும் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். நினைக்கும்போதே தோள் இறங்கியது.

ஆனால் முதலில் இதைச் சோதித்தாக வேண்டும். உள்ளறைக்குப் போனார்.

"இப்ப நீங்க கூப்பிடணும்."

"எதுக்கு?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"எதுக்காவது. அவங்க எழுந்து வரணும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதான் சோதனை."

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். குறும்பு எங்கோ போய்விட்டது. "தண்ணி குடு" என்றார்.

கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். "இன்னும்." அதையும் குடித்தார். மூன்றாவது டம்ளருக்குக் கை நீட்டியபோதுதான் அவள் கட்டிலோரம் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.

"காலைல வெச்ச தண்ணி அப்படியே இருக்கே. ஏன் குடிக்கல?"

"குடிச்சா அப்புறம் உன்னக் கூப்பிடணும்ல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும். நாக்கு நனையற அளவுக்குக் குடிச்சுக்குவேன். உன் வேலை போயிடக் கூடாதேன்னு பாத்தேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து, அந்நியர் ஒருவர் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். கவனக்குறைவான உபயோகம் என்று எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று இருபத்துநாலுக்குத் தெரியவில்லை. அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார், பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார்.

அரை மணிக்கும் மேலே ஆனது. முன்னறையை எட்டிப் பார்த்தார். திரையில் மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. "நிக்கல" என்று சொன்னார்.

கட்டிலில் இருந்தவர் உடனே மனைவியைக் கூப்பிட்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.