பச்சை வர்ணம் பூசிய நடுமரம்

சாந்தோம் குப்பத்துத் தேசம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அந்தக் குப்பத்திலேயே ஆள் கிடையாது. மீன் விற்கப் போனால் வாங்குகிறவர்களை அதட்டுவாள். மாதா கோவிலில் பிரசங்கம் நீண்டால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கொட்டாவி விடுவாள். கூடப்பிறந்த அண்ணன் அங்கமுத்துவோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. எதற்காகச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது, சண்டை மட்டும் மறக்கவில்லை. ஆனாலும் எனக்கு அவளைப் பிடிக்கும். எங்கள் மயிலாப்பூரில் வாயில் ஒன்றும் மனசில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு பேசுவதற்குப் பெரிய மனுஷத்தனம் என்று பெயர். அந்த வித்தை அவளுக்கு வரவில்லை.

அவள் புருஷன் மாசிலாமணி கெட்டிக்கார மீன்பிடிக்காரர். இதை அவரே அடிக்கடி சொல்வார். அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து ஒரு கட்டுமரம். மூன்று கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தால் அது கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போட்டுவிடுவார்கள், ஈரம் ஊறினால் கனத்துப்போகும் என்பதால். மூன்றில் பெரியது நடுமரம். அதன் நுனியில் மாசிலாமணியின் அப்பா இரும்பைக் காய்ச்சி ஒரு சிலுவை அடையாளம் போட்டிருந்தார். கள் குடித்த கையால் போட்டதால் சிலுவையின் ஒரு கை நீளம், மறு கை குட்டை.

முப்பதுகளில் ஓர் ஐப்பசியில் புயல் வந்தது. விடிந்ததிலிருந்து வடக்கே இருந்து காற்று பிய்த்து வாங்கியது. மாசிலாமணி கட்டைகளைத் தென்னை மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். மத்தியானம் திடீரென்று காற்று நின்றது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. குப்பமே வெளியே வந்து மாதாவுக்கு நன்றி சொன்னது. மாசிலாமணி புயல் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் காயப்போட்டார். தேசம்மாவும் தடுக்கவில்லை, பறந்துபோன முறத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்து அடித்தது பாருங்கள், காலையில் அடித்தது வெறும் விசிறிக் காற்று என்று ஆகிவிட்டது. கடல் எழுந்து குடிசைகளுக்குள் வந்தது. கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை, உயிர்களும் போயின. பக்கக் கட்டைகள் இரண்டும் தோப்பில் சிக்கிக் கிடைத்தன. நடுமரத்தைக் கடல் கொண்டுபோயிற்று.

நடுமரம் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் விறகு. புதிது வாங்க வக்கில்லை. அங்கமுத்துவின் கட்டுமரத்தில் மாசிலாமணி கூலிக்குத் துடுப்புப் போடுவதுதான் ஒரே வழி. அதற்குப் பட்டினியே மேல் என்றாள் தேசம்மா. சொன்னதோடு நிற்கவில்லை, இருவரும் பட்டினியே கிடந்தார்கள்.

மயிலாப்பூரும் சும்மா இருக்கவில்லை. புயல் நிவாரணத்துக்குக் கமிட்டி போட்டது. காரியதரிசி வக்கீல் சுப்பராமன். அடையாறு ஆற்றோரத்தில் அவருக்கு ஒரு தோட்ட பங்களா உண்டு. அங்கே ஒரு மாமரமும் அதன் கீழிருந்த பெஞ்சும் புயலில் போய்விட்டன என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் துக்கம் விசாரிக்க இடம் கொடுத்தார். கமிட்டி முதலில் கொடுத்தது கூரை போடக் கீற்று அல்ல, சொற்பொழிவு. 'புயல் எவ்வாறு உண்டாகிறது' என்று சுப்பராமன் மாஜிக் லாந்தரில் படம் காட்டி விளக்கினார். புயலில் நனைந்தவர்கள் தரையில், நனையாதவர்கள் நாற்காலியில். படம் உண்டு என்றதால் நானும் போயிருந்தேன்.

குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினார். கடல் சூடேறுகிறது. அதன் மேலிருக்கும் ஈரக்காற்று லேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுற்றுவதால் நேராக வர முடியாமல் வளைந்து சுழல்கிறது. நடுவில் மட்டும் அமைதி, அதற்குக் கண் என்று பெயர். கண் கடந்ததும் எதிர்ப்பக்கமிருந்து காற்று திரும்ப அடிக்கும். ஓய்ந்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருப்பவன் முட்டாள் என்று முடித்தார். நாற்காலிகள் கைதட்டின. மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். தேசம்மா கொட்டாவி விடாமல் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கீற்று பிறகு வந்தது, அடையாற்றுப் பங்களாவில், போட்டோகிராபரோடு. குப்பத்துப் பெண்கள் தலையில் கீற்றுக் கட்டோடு பின்னால் நிற்க வேண்டும், கமிட்டியார் முன்னால் பெஞ்சில் உட்கார வேண்டும். பெஞ்சு புதியது. செங்கல் தூண் இரண்டின் மேல் ஒரு நீளக் கட்டை, பளபளவென்று பச்சை வர்ணம். முகத்துவாரத்தில் ஒதுங்கியதாம், கடல் கொடுத்த அன்பளிப்பு என்று சுப்பராமன் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

தேசம்மா கீற்றுக் கட்டைக் கீழே போட்டாள். நேராகப் பெஞ்சின் நுனிக்குப் போய்க் குனிந்து தடவினாள். வர்ணத்துக்குள்ளே ஒரு கை நீண்டு மறு கை குட்டையாக அந்தச் சிலுவை இருந்தது.

சுப்பராமன் பதறவில்லை. கரையில் அநாதையாகக் கிடந்ததைத்தான் எடுத்தோம், இத்தனை நாளாக யாரும் கேட்டு வரவில்லை, இனிமேல் கேட்பது நியாயமில்லை என்று கோர்ட்டில் பேசுகிற மாதிரி எடுத்துச் சொன்னார். உட்கார்ந்தபடியேதான் சொன்னார்.

"சாமி, நீங்க தான சொன்னீங்க" என்றாள் தேசம்மா. "நடுவுல ஓஞ்சு கெடக்கும், அத்த நம்பிக்கினு குந்திக்கினு இருக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்துலேந்து திரும்ப அடிக்கும்னு. இம்மாம் நாளா ஓஞ்சு கெடந்துச்சு. எந்திரிங்க."

கமிட்டியார் எழுந்தார்கள். கீற்றுக் கட்டுகளைப் போட்டுவிட்டு மற்றப் பெண்களும் முன்னால் வந்திருந்ததால் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. பெண்கள் கட்டையைத் தோளில் ஏற்றினார்கள். "ஏம்மா, இரு, இரு" என்று சுப்பராமன் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தபோது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோகிராபர் படத்தை எடுத்துவிட்டார்.

மறுவாரமே மாசிலாமணி கடலுக்குப் போனார். இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் பச்சையாக ஒரு கட்டுமரம். வர்ணத்தைச் சுரண்ட தேசம்மா விடவில்லை.

கமிட்டியின் ஆண்டறிக்கை வந்தபோது அதில் அந்தப் படம் இருந்தது. குப்பத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். 'புயலில் உடைமை இழந்த மீனவக் குடும்பத்துக்குக் காரியதரிசி கட்டுமரம் வழங்கும் காட்சி' என்று படித்தேன். அறிக்கையை வாங்கி, சுப்பராமனின் நீட்டிய கையின் மேல் விரலை வைத்தாள்.

"புடுங்க வந்த கை நைனா இது" என்றாள். "படத்துல பாத்தா குடுக்குற கை மாதிரியே கீது."

அறிக்கையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடப் போனாள்.