துளசிமணி அக்கா மாட்டிய பேட்டரி

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. விளக்கேற்றிவிட்டுக் கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. திரையில் துளசிமணி அக்காவின் மகன் கார்த்தியின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க" என்றான். கற்பூரம் இன்னும் பற்றவைக்கப்படவில்லை. பற்றவைத்துப் பெருமாளுக்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன். துளசிமணி அக்கா கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்: "தொடங்குனத முடிச்சுப்போட்டு வாங்க அம்மணி. நான் எங்க ஓடிப்போறேன்?"

துடியலூரிலிருந்து நான் பஸ் பிடித்து, அன்னூர் ரோட்டில் இறங்கி, அவர்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பட்டுச்சேலைப் படம். அதன் கீழே, 'அமைதியின் வடிவமே, அதிர்ந்து பேசாத அன்னையே' என்று எழுதியிருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைக்கோவிலுக்குப் போகும் நம் குழுவில் அவரோடு ஏறியவர்களுக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. முப்பது அடி தள்ளி நின்றால்கூட அவர் குரல் கேட்கும். சாந்தமான அக்கா ஒருவரை நான் அறியேன். நான் அறிந்த அக்காவைப் பற்றி எழுதினால்தான் அந்த ஃபிளெக்ஸை என்னால் மறக்க முடியும்.

அவர் வீட்டுக்காரர் காலமானபோது தோட்டத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். புரட்டாசி சனிக்கிழமைகளில் நம் மலைக்கோவில் பெருமாளைப் பார்க்க முடியாமல் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடும் வயதான பெண்களை ஏற்றிக்கொண்டு போவேன் என்றார். அந்தப் பாதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பாதி தூரத்துக்கு மேல் தாரும் கிடையாது, மண்ணும் கிடையாது, உருண்டைக் கல்தான். கார் அந்தப் பக்கமே வராது. அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், துளசி மாலை, முட்டி வலிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து போன வண்டி அது ஒன்றுதான்.

அந்த முதல் வருடமே வண்டி பாதியில் நின்றது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது. அக்கா பிரேக் போட்டார். வண்டி அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து சடசடவென்று பொறி, பின்னாலேயே புகை. நாங்கள் அலறிக்கொண்டு இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். நடந்து ஏறிக்கொண்டிருந்த நாலு ஆம்பளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தானுங்க. கிளச்ச மிதிச்சே தீச்சுப்போட்டாங்க" என்றார் ஒருவர்.

அக்கா பானெட்டைத் திறந்தார். உள்ளே பேட்டரி ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் செய்கிற வேலைதான். உழவு இல்லாத நாளில் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி ஜீப்புக்கு மாட்டுவார்கள். அது ஜீப்பின் தட்டில் உட்காராது. அதனால் பழைய சைக்கிள் ட்யூபை அறுத்து இழுத்துக் கட்டுவார்கள். கட்டியவர் அக்காவின் கொழுந்தனார் சின்னச்சாமி. கல் பாதையில் குலுங்கிக் குலுங்கி ட்யூப் தளர்ந்து, பேட்டரி சாய்ந்து, முனை இரும்பில் பட்டிருக்கிறது.

"என்ற கிளச்சுல ஒரு கொறையும் இல்லீங்" என்று அந்த ஆளிடம் சொன்னார் அக்கா. "இங்க வந்து பாருங்க. சந்தைக்குக் கொண்டுபோற கோழியாட்டக் காலக் கட்டிப்போட்டு வெச்சிருக்கறாங்க. இதக் கட்டுனது பொம்பளை இல்லீங்க."

நாங்கள் நடந்து ஏறினோம். பழனியம்மாளால் முடியவில்லை. அக்காவின் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் களையெடுத்த பெண்மணி அவர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவர். வளைவில் இருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து, மரங்களுக்கு மேலே தெரிந்த கோவில் கொடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு இதே போதுமுங்க" என்றார். அக்காவுக்குப் போதவில்லை. "அடுத்த சனிக்கெழமை நீங்க சன்னதிக்குள்ள நிக்கறீங்க. அத நான் பாத்துக்கறேன்" என்று சொன்னார். சொன்ன விதத்தில், அது பெருமாளுக்கும் சேர்த்துச் சொன்னதுபோல இருந்தது.

அந்த வாரத்திலேயே என்னை அழைத்துக்கொண்டு துடியலூரில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனார். கொழுந்தனார் இன்னொரு பழைய டிராக்டர் பேட்டரி தருவதாகச் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. கையில் ஒரு அட்டை வைத்திருந்தார். குக்கர் வந்த பெட்டியிலிருந்து, ஜீப்பில் பேட்டரி உட்காரும் தட்டின் அளவுக்கு வெட்டியது. எந்தப் பக்கம் சிவப்பு ஒயர் வருகிறது, அது எவ்வளவு தூரம் எட்டும் என்று அதிலேயே கோடு போட்டிருந்தார்.

கடைக்காரர் எங்கள் பின்னால் வாசலைப் பார்த்தார். "ஏனுங்க, ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"ஆம்பளைங்க மாட்டுனதுதானுங்க மலையில புகைஞ்சுது. அதனாலதான் நான் வந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். ஆனாலும் பெரிய பேட்டரியாகப் பார்த்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதப் போட்டீங்கன்னா லாரியே கெளம்புமுங்க."

"லாரி எங்ககிட்ட இல்லீங்களே." அக்கா அட்டையை அதன்மேல் வைத்தார். பேட்டரி நாலு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. "இதுக்கு ட்யூபு நீங்க குடுப்பீங்களா, நாங்க கொண்டுவரோணுமா?"

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். ஒன்று தட்டுக்குச் சரியாக இருந்தது. ஆனால் சிவப்பு முனை எதிர்ப்பக்கம். ஒயரை இழுத்து மாட்டிவிடலாம் என்றார் கடைக்காரர். "இழுத்து மாட்டுனா உரசுமுங்க, உரசுனா மறுபடியும் பொறி" என்று அக்கா அதைத் தள்ளிவைத்தார். இன்னொன்று எல்லாவற்றுக்கும் பொருந்தியது, டீசல் வண்டியைச் சுழற்றும் வலுவும் இருந்தது. வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அதன் விலையும் பிடித்திருந்தது. தலையை ஆட்டினேன். அக்கா ஆட்டவில்லை. உள்ளே இருக்கும் ஆசிட் மேட்டில் சாய்ந்தால் ததும்புமா, தகடு குலுக்கலைத் தாங்குமா என்று கேட்டார். டவுன் ரோட்டுக்கு இது தாராளமாகப் போதும் என்றார் கடைக்காரர்.

"டவுனுக்கு நான் பஸ்ஸுல போய்க்குவேனுங்க."

கடைசியில் கடைக்காரரே உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்தார். ஆசிட் தண்ணீராக நிற்காமல், தகடுகளுக்கு நடுவில் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும் வகை. கவிழ்த்தாலும் ஒழுகாது, தகடுகள் இறுக்கமாக இருப்பதால் குலுக்கலையும் தாங்கும். விலை கூடுதல். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த மாதம் செய்தது என்று அச்சிட்டிருந்ததைத் தேடிப் படித்தார். பழைய சரக்கில்லை என்று தெரிந்த பிறகுதான் முகம் இளகியது. அப்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். "அக்கா, இத்தன கேட்டீங்க, ஒண்ணு உட்டுப்போட்டீங்க. புது பேட்டரி போட்டா மட்டும் ஆச்சா? வண்டி ஒழுங்கா சார்ஜ் ஏத்துதான்னு பாக்க வேண்டாமுங்களா? அளவுக்கு மேல எச்சா ஏத்துனா இது வெந்துபோயிருமுங்க." அக்கா அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அதக் கேக்காம இருந்திருப்பேனுங்க. சொன்னீங்க பாருங்க, நீங்க வியாபாரி" என்றார். அன்று மாலையே கடைக்காரர் மீட்டரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, பழைய டிராக்டர் பேட்டரியிலேயே வண்டியை ஓடவிட்டு அளந்து, சரியாக ஏற்றுகிறது என்று சொன்ன பிறகுதான் மாட்டினார்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. பேட்டரியைத் தட்டோடு சேர்த்துப் பிடிக்க இரும்புப் பட்டை வேண்டும் என்று அக்கா பக்கத்துப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். கயிறு போட்டுக்கொள்ளலாமே என்று சொன்ன பட்டறைக்காரருக்கு அவர் சொன்ன பதிலை என்னால் இங்கே எழுத முடியாது. பட்டை அடித்து, அடியில் ரப்பர் வைத்து, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு வாங்கிய பிறகுதான் எழுந்தார். நாங்கள் அன்று மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

சின்னச்சாமி வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "என்னங்க நங்கையா, பேட்டரிக்குத் தொட்டில் கட்டிட்டீங்களாட்ட இருக்குது?" என்றார். அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தொட்டில்னா ஆடுமுங்க தம்பி. ஆட்டிப் பாருங்க."

அவர் ஒரு கை வைத்து ஆட்டினார். இரண்டு கையும் வைத்து ஆட்டினார். ஜீப்தான் ஆடியது. நான் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோயிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பொட்டு பக்கவாட்டுல வைங்க அம்மணி. முனைமேல ஈரச் சந்தனம் வெச்சா பச்சை பூத்துப்போயிரும். சாமி கோவிச்சுக்காது." பக்கவாட்டில்தான் வைத்தேன். அந்தப் பொட்டு இன்றும் மங்கலாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பழனியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து மலையேறினார். மூன்றாவது வளைவில் அக்கா வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, அணைத்து, மேட்டிலேயே மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஒரே உறுமல். பின்னால் இருந்த நாங்கள் கோவிந்தா போட்டோம். சன்னதியில் பழனியம்மாள் கண்ணை மூடவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்ததும், களையெடுக்கிறவரை முன்சீட்டில் உட்காரவைத்தது பற்றி வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா நடு வாசலில் நின்று சொன்னார்: "முன்சீட்டு முட்டி வலிக்கறவங்களுக்குங்க. உங்களுக்கு வலிச்சா சொல்லுங்க, அடுத்த வாரம் ஏத்திக்கறேன்." அதன்பிறகு யாருக்கும் முட்டி வலித்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு முறை மலையேறும் முன்பும் அவர் பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். "ஆடுச்சுன்னா ஏறாதீங்க" என்று எங்களுக்கும் சொல்வார். ஆம்பளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்த வருடம் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பாதியாகிவிட்டார். குரல் மட்டும் முழுசாக இருந்தது. நான் நெற்றியில் துளசித் தீர்த்தம் தொட்டு வைத்தபோது, "அது கெடக்குது அம்மணி, ஜீப்ப யாராச்சும் எடுத்தாங்களா?" என்று கேட்டார். ஒருவரும் எடுக்கவில்லை என்றேன். "சும்மா நின்னா கொஞ்சங் கொஞ்சமா சார்ஜ் எறங்கிப்போயிரும். நீங்க போயி கறுப்பு ஒயரக் கழட்டிப்போட்டு வாங்க. நான் வந்து மாட்டிக்கறேன்" என்றார். தன் கைப்பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். பிரசாதப் பொட்டலத்தோடு எப்போதும் அதுவும் இருக்கும். நான் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். அவர் வந்து மாட்டவில்லை.

கருமாதி முடிந்த அன்று வாசலில் உறவுக்காரர்கள் இருக்கும்போதே சின்னச்சாமி ஒரு புரோக்கரை வரவழைத்திருந்தார். பெங்களூரில் வேலை செய்யும் கார்த்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்னச்சாமி ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. "பாத்தீங்களா, நங்கையாவோட இதுவும் செத்துப்போச்சு" என்றார். பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் என்று புரோக்கர் முகத்தைச் சுளித்தார். "அந்தத் தொட்டில் பேட்டரிக்கு அத்தன காசு குடுத்தாங்க" என்று யாரோ சிரித்தார்கள்.

துக்க வீட்டில் குரல் உயர்த்தக் கூடாதென்று எனக்கும் தெரியும். நான் குரல் உயர்த்தவில்லை. பானெட்டைத் திறந்தேன், கறுப்பு ஒயரை முனையில் மாட்டினேன், அக்காவின் ஸ்பேனரால் முடுக்கினேன். "எறங்குங்க தம்பி" என்றேன். அவர் இறங்கினார். நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வண்டி உறுமிய சத்தத்தில் பந்தலில் இருந்த காக்கைகள் பறந்தன. கார்த்தி நிமிர்ந்து பார்த்தான். அம்மா போனதிலிருந்து அழாதவன், அப்போதுதான் அழுதான்.

"வண்டி விக்கறதுக்கில்லீங்க சித்தப்பா" என்றான்.

சின்னச்சாமி விடவில்லை. "சாவு ஊட்டு வண்டிங்க இது. வருசம் திரும்பாம மலையேறக் கூடாது. சாமி குத்தம்."

நான் நாள்தோறும் பூஜை செய்கிறவள். ஏகாதசி விரதம் விட்டதில்லை. சாமி குத்தம் எனக்கும் தெரியும். "தீட்டு மனுசங்களுக்குங்க தம்பி, அதனால நீங்களும் கார்த்தியும் வர வேண்டாம்" என்றேன். "இரும்புக்கும் உண்டுன்னா, அந்தா நிக்குதே உங்க டிராக்டரு, அதுவும் இதே ஊட்டு வண்டிதானுங்களே? நேத்து உழுதுபோட்டுத்தானே வந்துது?" துக்க வீடு என்பதை மறந்து பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பழனியம்மாளின் குரல்போலத்தான் கேட்டது.

ஃபிளெக்ஸ் இன்னும் முச்சந்தியில்தான் தொங்குகிறது. அமைதியின் வடிவத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். சின்ன ஸ்பேனர் என் கைப்பையில் பிரசாதப் பொட்டலத்தோடு இருக்கிறது. அக்காவின் குரலில் கொஞ்சம் என் தொண்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது; அதையும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை விடிந்ததும், கார்த்தி என்னிடம் விட்டுப்போன சாவியால் ஜீப்பை எடுத்து வந்து அடிவாரத்தில் நிறுத்தினேன். பழனியம்மாள் முன்சீட்டில் இருந்தார். நடந்து ஏறுகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா எனக்குத் தோட்டத்துச் சமதரையில் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுக்கவைத்திருந்தார்; மலைப் பாதையில் நான் ஓட்டியதே இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பானெட்டைத் திறந்து, பொட்டு வைத்த பக்கத்தில் கை வைத்து, என் பலம் முழுக்கக் கொடுத்து பேட்டரியை ஆட்டினேன்.

ஆடவில்லை. ஏறினோம்.